கண் மூடிய ஆல்பம்

வாங்கண்ணே, உள்ள வாங்க. செருப்பெல்லாம் கழட்ட வேணாம். வத்தலக்குண்டுல இருந்தா வர்றீங்க? பஸ்ஸுல கூட்டமா இருந்திருக்குமே. இந்த ஸ்டூல்ல உக்காருங்க. இது போட்டோ எடுக்குற ஸ்டூலுதான், இப்ப யாரு வந்து உக்கார்றா. பரமு, ரெண்டு காப்பி... அட, பழக்கதோஷத்துல கூப்பிட்டுட்டேன். பரமேஸ்வரி என் சம்சாரம். அவ இப்ப கடைப்பக்கமே வர்றதில்ல. எதிர்த்த கடையில சொல்லிருக்கேன், வந்துரும்.

நீங்க போன்லயே விஷயத்தச் சொல்லிட்டீங்க. உங்க மூத்த பொண்ண நம்ம போடி ஏலக்கா மண்டி தினகர் தம்பிக்கு ரெண்டாந்தாரமாக் கேட்டு வந்திருக்காங்க. மொதல் சம்சாரம் சுகந்தி தவறிருச்சு, ஒரு கைப்பிள்ளை இருக்கு. பையன் எப்படின்னு நாலு எடத்துல விசாரிக்கிறீங்க. முறைதான? பொண்ணக் குடுக்குறவங்க விசாரிக்காம யாரு விசாரிப்பா. மொதல் கல்யாணத்துக்குப் படம் எடுத்தது நாந்தான், வீடு வரைக்கும் போயிட்டு வந்தவன், அதனால என்னையக் கேட்டா தெரியும்னு யாரோ அனுப்பியிருக்காங்க. சரியான ஆளுகிட்டத்தான் அனுப்பியிருக்காங்க.

ஆனா கூடவே இன்னொண்ணும் சொல்லியிருப்பாங்களே? மின்னல் ஸ்டூடியோக்காரன், அதான் நான், ஃபிளாஷ் அடிச்சு அடிச்சுத்தான் அந்தப் புள்ள சுகந்திக்குக் கண்ணு மூடிருச்சுன்னு? நீங்க சொல்ல வேணாம், மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. அதத்தான் மொதல்ல தீர்க்கணும். அதத் தீர்க்காம நான் மாப்பிள்ளையப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

சரி, ஒரே ஒரு வார்த்தை சொல்லிர்றேன், நீங்க பதறிக்கிட்டு உக்காந்திருக்கீங்க. பையன் தங்கம். பீடி, சிகரெட்டு, தண்ணி ஒண்ணும் கெடையாது. நான் எடுத்த அத்தனை படத்துலயும் சிரிச்ச மொகம். ஒண்ணுலகூட கண்ணு மூடல. போதுமா? இப்ப ஃபிளாஷுக்கு வருவோம்.

இந்தா பாருங்க, இது பழைய ஃபிளாஷ். கையில வாங்கிப் பாருங்க, கடிக்காது. முன்னால சின்னதா ஒரு கண்ணு மாதிரி இருக்கா? அதுதான் எல்லாமே. நான் கேமராவுல ஒரு நம்பர் வைப்பேன், பின்னால இந்தத் திருகுலயும் அதே நம்பர் வைப்பேன். அம்புட்டுத்தான். அதுக்கப்புறம் இது கேமராகிட்ட ஒரு வார்த்தை கேக்காது. லைட்டு போகும், ஆளு மேல பட்டுத் திரும்பும், திரும்புற வெளிச்சத்த இந்தக் கண்ணு கணக்குப் பாக்கும். போதும்னு பட்டுச்சுன்னா தானாவே கட் பண்ணிரும். கிட்ட நின்னா சட்டுன்னு கட்டாகும், தள்ளி நின்னா கொஞ்சம் கூட எரியும். நாம இமை கொட்டுறதுக்குள்ள நடந்து முடிஞ்சிரும். ஆனா இதை ஏமாத்தலாம். வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையா பத்துப் பேரு நின்னா, அடேயப்பா, எம்புட்டு வெளிச்சம்னு நினைச்சு சீக்கிரமே நிறுத்திரும். மொகமெல்லாம் கருத்துப் போகும். வந்த வெளிச்சம் எம்புட்டுன்னுதான் இதுக்குத் தெரியும். எதிர்க்க நிக்கிறது யாரு, சிரிக்கிறாங்களா அழுறாங்களா, அதெல்லாம் இதுக்குத் தெரியாது.

இதைத்தான் அவங்க கல்யாணத்துக்குக் கொண்டு போனேன். ஆவணி மாசம். இந்தா கல்யாணப் படம், பாருங்க. தாலி கட்டுறது, மெட்டி போடுறது, மாலை மாத்துறது. எங்கயாச்சும் கண்ணு மூடியிருக்கா? பெரிய கண்ணுண்ணே அந்தப் புள்ளைக்கு. சிரிக்கிறப்ப இன்னும் பெருசாகும். நாங்கூட கேலி பண்ணுனேன், "ஏத்தா, கொஞ்சம் சுருக்கிக்க, ஃபிரேமுக்குள்ள அடங்க மாட்டேங்குது"ன்னு. அதுக்கு ஒரு சிரிப்பு. அதுவும் விழுந்திருக்கு பாருங்க, இது.

அப்புறம் நான் புது ஃபிளாஷ் வாங்கினேன். இங்கதான் வெனையே வந்துச்சு.

புதுசு வேற மாதிரி வேலை செய்யும். அது தானா கணக்குப் பாக்காது, கேமராதான் பாக்கும், லென்ஸு வழியா. நாம பட்டனை அழுத்துனதும் மொதல்ல குட்டியா ஒரு ஃபிளாஷ் அடிக்கும். அது ஆளு மேல பட்டு லென்ஸுக்குள்ள வரும். கேமரா அளந்து பாத்து, "இம்புட்டு அடி"ன்னு சொல்லும். அப்புறந்தான் பெரிய ஃபிளாஷ் அடிக்கும், அப்பத்தான் படம் விழும். ரெண்டும் அம்புட்டு நெருக்கமா வரும், உங்களுக்கும் எனக்கும் ஒரே வெளிச்சமாத்தான் தெரியும். ஆனா சில பேருக்குக் கண்ணு வேகம். குட்டி லைட்டுக்கே இமை விழுந்துரும். பெரிய லைட்டு வர்றப்ப மூடியிருக்கும். அவங்க மூடுனதே அவங்களுக்குத் தெரியாது. நான் கதை விடலண்ணே, கம்பெனிப் புத்தகத்துலயே போட்டிருக்கான்.

அடுத்த வைகாசியில அந்தப் புள்ளைக்கு வளைகாப்பு. புது ஃபிளாஷ் கையில இருக்குற தெனாவட்டுல போனேன். கூட்டம், சத்தம், வெக்கை. சின்ன ஸ்க்ரீன்ல பாத்தா எல்லாம் சரியாத்தான் தெரிஞ்சுச்சு. கடைக்கு வந்து கம்ப்யூட்டர்ல ஏத்திப் பெருசாக்கிப் பாக்குறேன். எல்லாத்துலயும் அந்தப் புள்ள கண்ண மூடியிருக்கு.

இருங்க, சொன்னதுல ஒரு திருத்தம். எல்லாத்துலயும் இல்ல. இந்தா, அம்மாக்காரி சந்தனம் பூசுறாங்க, இதுல தொறந்திருக்கு. அத்தை வளையல் போடுறாங்க, இதுலயும் தொறந்திருக்கு. சிநேகிதக்காரிகளோட நிக்கிறது, தொறந்திருக்கு. தினகர் தம்பி கூட இருக்குற படம் இருக்கு பாத்தீங்களா, இது, இது, அப்புறம் இந்த வரிசை முழுக்க, அதுலதான் மூடியிருக்கு. தம்பி கன்னத்துல சந்தனம் பூசுறாப்ல, மூடியிருக்கு. தம்பி பூ வச்சு விடுறாப்ல, மூடியிருக்கு. வீட்டுக்குப் பெருசா மாட்டி வைக்கிறதே ஜோடிப் படந்தான? அதுபூரா போச்சுன்னா எல்லாம் போன மாதிரிதான். அம்மாக்காரி படத்துல தொறந்திருக்குறது சும்மா ஒரு அதிர்ஷ்டம்.

ஆல்பத்தக் குடுத்தேன். வேற வழி? நாளு கடந்துருச்சு, அந்தப் புள்ளைய பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. தம்பி கடைக்கு வந்து, இங்கயேதான், நாலு கஸ்டமர் நிக்கிறப்ப, அந்த ஆல்பத்த மேசையில அடிச்சாப்ல. அடிச்ச சத்தத்துல வெளிய டீ குடிச்சுக்கிட்டிருந்தவன் எட்டிப் பாத்தான். "பொணத்தப் படம் எடுத்த மாதிரி எடுத்து வச்சிருக்க"ன்னாப்ல. என்னைய விடப் பதினஞ்சு வயசு சின்னவரு, "வச்சிருக்க"ன்னு சொல்றாரு. கோவக்காரர்னு எடுத்துக்காதீங்க. காசு குடுக்குறவங்களுக்குக் கொஞ்சம் வேகம் இருக்கத்தான செய்யும். மறுநாளே பைக்குல போறப்ப சிரிச்சாப்ல. கோவம் வரும், ஆனா வெளியாளுங்க பாக்குறப்ப ஒடனே போயிரும். அது நல்ல கொணந்தான?

எனக்குத்தான் சோறு எறங்கல. இருபத்தஞ்சு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். அப்புறம் புத்தகத்தப் படிச்சு, மதுரையில தெரிஞ்சவருகிட்ட கேட்டு, இந்தக் குட்டி லைட்டு சமாச்சாரத்தக் கண்டுபிடிச்சேன். கண்டுபிடிச்ச அன்னைக்குத்தான் தூங்குனேன். தப்பு என் மேல இல்ல, மெஷின் மேலயும் இல்ல, அந்தப் புள்ள கண்ணு வேகம். அம்புட்டுத்தான். படத்தையெல்லாம் தரையில பரப்பி பரமுகிட்டக் காட்டி விளக்குனேன். அவ குனிஞ்சு ஒவ்வொண்ணாப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம், "இது லைட்டுக்கு மூடுன கண்ணு இல்லீங்க"ன்னா. பின்ன எதுக்கு மூடுனதுன்னு கேட்டேன். "நீங்க இம்புட்டு வருஷமா என்னத்தப் படம் எடுக்குறீங்க"ன்னு கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டா. நீங்களே சொல்லுங்க, கேள்விக்கும் பதிலுக்கும் ஏதாச்சும் சம்பந்தம் இருக்கா? அவளுக்கு ஃபிளாஷப் பத்தி என்ன தெரியும்.

நிரூபிச்சுக் காட்டணும்னு எனக்கு ஒரே வைராக்கியம். தம்பி கையில கால்ல விழாத குறையாக் கேட்டேன். மறுபடி எடுத்துக் குடுத்துர்றேன், வீட்டுக்கே வந்து எடுக்குறேன்னு. குழந்தை பொறந்து அந்தப் புள்ள திரும்பி வந்தப்புறம், தை மாசம், வரச் சொன்னாப்ல.

போனேன். இந்தப் பழைய ஃபிளாஷத்தான் கொண்டு போனேன். கவனமாக் கேளுங்க, இதுல குட்டி லைட்டே கெடையாது. ஒரே வெளிச்சம், அதோட முடிஞ்சுது. வீட்டு ஹால்ல சோபாவுல உக்கார வச்சேன். குழந்தை உள்ள தொட்டில்ல. புள்ள எளைச்சுப் போயிருந்துச்சு. பிரசவம் ஆனா எளைக்கத்தான செய்யும். முழுக்கை ஜாக்கெட்டு போட்டிருந்துச்சு, இப்ப அதுதான் ஃபேஷன்.

நான் எப்பவும் போல, "மாப்ள, தோள்ல கை போடுங்க"ன்னேன். ஜோடிப் படத்துக்கு எல்லாருகிட்டயும் சொல்றதுதான். தம்பி கையத் தூக்கிப் போட்டாப்ல. எடுத்தேன். பாத்தா, மூடியிருக்கு.

மறுபடி. மூடியிருக்கு. ஃபிளாஷ மேல கூரையப் பாத்துத் திருப்பி, நேரா கண்ணுல படாம எடுத்தேன். மூடியிருக்கு. எனக்கு வேர்த்துக் கொட்டுது. தம்பி சிரிச்சுக்கிட்டே, "ஏம்மா, கண்ணத் தொற"ங்குறாப்ல. மெதுவாத்தான் சொன்னாப்ல. கடைசியில ஃபிளாஷக் கழட்டி சோபாவுல வச்சுட்டேன். ஜன்னலத் தொறந்துவிட்டு வெறும் வெயிலு வெளிச்சத்துல எடுத்தேன். "தோள்ல கை போடுங்க மாப்ள." எடுத்தேன்.

இந்தா, அதுதான் இது. நல்லாப் பாருங்க. ஃபிளாஷே இல்ல. வெளிச்சம் எம்புட்டு அழகா கன்னத்துல விழுது. கை இன்னும் தோளைக்கூடத் தொடல, காத்துல இருக்கு பாருங்க. கண்ணு அதுக்குள்ள மூடிருச்சு.

அப்புறம் வீட்டுக்கு வர்ற வழியிலதான் புரிஞ்சுச்சு. பழகிப்போன கண்ணு. வளைகாப்புல ஃபிளாஷ் அடிச்சு அடிச்சு, கேமராவக் கண்டாலே வெளிச்சம் வரும்னு நினைச்சுக்கிட்டு முன்கூட்டியே மூடுது. இப்ப என்ன ஆகுது? ஃபிளாஷ் இல்லாமயே மூடுதுன்னா, ஃபிளாஷ் மேல தப்பு இல்லைன்னுதான அர்த்தம்? இதைத்தான் ஊருக்காரனுங்களுக்கு எடுத்துச் சொல்றேன். ஒருத்தனுக்கும் மண்டையில ஏற மாட்டேங்குது. நீங்க படிச்சவரு, உங்களுக்குப் புரியும்.

காப்பி வந்துருச்சு, எடுத்துக்கங்க. ஆறிரும்.

அன்னைக்கு ஒண்ணு நடந்துச்சு. மண்டியில இருந்து தம்பிக்கு ஏதோ போன் வந்துச்சு, பேசிக்கிட்டே வெளிய தெருவுக்குப் போயிட்டாப்ல. வர்ற வரைக்கும் சும்மா உக்காந்திருக்குறதுக்கு, அந்தப் புள்ளைய மட்டும் ஒரு படம் எடுத்தேன். ஃபிளாஷ மறுபடி மாட்டி, இதே ஃபிளாஷ, நேரா மூஞ்சிக்கு அடிச்சேன். கண்ணு தொறந்திருக்கு! இமை அசையல. சந்தோஷத்துல இன்னொண்ணு எடுத்தேன். தொறந்திருக்கு. "பாத்தியாத்தா, ஒனக்கு வெளிச்சம் பழகிருச்சு"ன்னேன். வெளிய தம்பி பேசுற சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு. அந்தப் புள்ள வாசலை ஒருதரம் பாத்துட்டு என்னையப் பாத்துச்சு. "அண்ணே, இன்னும் கொஞ்ச நேரம் எடுத்துக்கிட்டே இருங்கண்ணே"ன்னுச்சு.

படம் எடுக்குறது அம்புட்டுப் பிடிக்கும் போல. நான் சிரிச்சுக்கிட்டே, "ஒரு ஆளுக்கு எத்தனை படந்தான் எடுக்குறது ஆத்தா, சினிமாவுக்கா போகப்போற"ன்னேன். பக்கத்து ஊரு தேவாரத்துல ஒரு காதுகுத்து இருந்துச்சு எனக்கு, நேரமாகிப் போச்சு. பையத் தூக்கிக்கிட்டு நான் எந்திரிச்சப்பக்கூட அது அதே எடத்துலதான் உக்காந்திருந்துச்சு, கேமரா இருந்த எடத்தையே பாத்துக்கிட்டு.

மாசி மாசம் மாடிப்படியில கால் தவறி விழுந்துருச்சு. அப்படித்தான் சொன்னாங்க. தம்பிதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டு ஓடுனாப்ல, பாவம். அழுத அழுகை ஊரே பாத்துச்சு.

அன்னைக்கு சாயங்காலமே தம்பியோட மச்சான் வந்து கண்ணீர் அஞ்சலிக்குப் படம் கேட்டாரு. கண்ணு தொறந்த படமா வேணும்னாரு. கல்யாணப் படம் ஆகாது, மாலையும் கழுத்துமா இருக்கு. இந்தத் தனிப் படந்தான் இருந்துச்சு. குடுத்தேன். ஃப்ளெக்ஸ் அடிச்சு எங்க வச்சாங்க தெரியுமா? இந்தா, எதிர்க்க தெரியுதே டிரான்ஸ்ஃபார்மர், அதுக்குப் பக்கத்துல. என் கடையப் பாத்து. காரியம் முடியிற வரைக்கும் அங்கயே நின்னுச்சு. காலையில ஷட்டரத் தூக்குனா பாத்துக்கிட்டிருக்கும். ஷட்டர எறக்குனா பாத்துக்கிட்டிருக்கும். அம்புட்டு வெயிலடிச்சுச்சுண்ணே, ஒரு தடவை இமைக்கல.

அப்புறம் எடுத்துட்டாங்க. எனக்குத்தான் எடுக்கல. இன்னும் அந்த எடத்தப் பாக்காம நான் கடை தொறக்குறதில்ல. இந்த ஃபிளாஷுக்கு சார்ஜ் ஏறுறப்ப கீய்ங்னு மெலிசா ஒரு சத்தம் வரும், ஏறி முடிஞ்சதும் பின்னால செகப்பு லைட்டு எரியும். பேட்டரி செல்லைக் கழட்டி வச்சு ஒரு வருஷமாகுது. பட்டப்பகல்ல உக்காந்திருப்பேன், அந்தச் சத்தம் கேக்கும். திரும்பிப் பாத்தா லைட்டும் எரியாது, ஒண்ணும் இருக்காது. பயமா இருக்குண்ணே. உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, ரொம்பப் பயமா இருக்கு. ஊருக்குள்ள சொல்றானுங்களே, மின்னல் ஸ்டூடியோ ஃபிளாஷ்தான் அதை முன்னாடியே கண்ண மூட வச்சிருச்சுன்னு, அது பொய்யின்னு எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சும் பயமா இருக்கு. அது ஏன்னுதான் தெரியல.

இன்னொண்ணு. ஜோடிப் படம் எடுக்கப் போனா, "தோள்ல கை போடுங்க"ன்னு எனக்கு வாயில வர மாட்டேங்குது. சும்மா நிக்கச் சொல்லி எடுத்துட்டு வந்துர்றேன். இவன் என்னடா போட்டோக்காரன்னு ஆர்டரும் போச்சு.

நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே போறேன். மாப்பிள்ளையப் பத்தித்தான கேக்க வந்தீங்க? சொல்லிட்டனே, தங்கம்னு. உங்க பொண்ணு படம் வச்சிருக்கீங்களா, காட்டுங்க. அட, இதுக்கும் நல்ல கண்ணு. கல்யாணம் முடிவாச்சுன்னா எனக்கே சொல்லிவிடுங்க. குட்டி லைட்டு இல்லாம, இந்தப் பழைய ஃபிளாஷையே கொண்டாந்து, கண்ணு மூடாம எடுத்துக் குடுக்குறேன். என் பேரையும் மீட்டுக்கிட்ட மாதிரி இருக்கும்.

என்னண்ணே, எந்திரிச்சிட்டீங்க? காப்பி அப்படியே இருக்கு. ஒரு வாய்கூடக் குடிக்கல. நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டேனா? மாப்பிள்ளையப் பத்தி ஒரு வார்த்தை தப்பாச் சொன்னேனா? நாளைக்கு நாந்தான் சம்பந்தத்தக் கலைச்சேன்னு தம்பி வந்து நின்னா நான் தாங்க மாட்டேண்ணே.

அந்தப் படத்த ஏன் பையில வைக்கிறீங்க? அது ஜன்னல் வெளிச்சத்துல எடுத்தது, அதுல கண்ணு மூடியிருக்கு. யாருகிட்டக் காட்டப் போறீங்க, உங்க பொண்ணுகிட்டயா? வேணாம்ணே. என் கைவேலை அம்புட்டுத்தான்னு நினைச்சிரும். நில்லுங்க. படம் வேணும்னா இதைக் கொண்டு போங்க. இந்தா, இதுல கண்ணு நல்லாத் தொறந்திருக்கு பாருங்க. இதுல அந்தப் புள்ள மட்டுந்தான் இருக்கு.